வலித்த பல்லை வைத்துக்கொண்டோம், வலிக்காத பல்லை எடுத்தோம்

2023 செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், திருப்பூரில் என் பல் கிளினிக்குக்கு ஒரு அக்கா வேலை விட்டதும் நேராக வந்திருந்தார். வயது 44. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. சேலைத் தலைப்பை இடது கன்னத்தில் அழுத்திப் பிடித்திருந்தவர், கையை எடுத்ததும் கீழ்த்தாடை ஓரமாக எலுமிச்சை அளவுக்கு வீக்கம் தெரிந்தது. கூடவே வீட்டுக்காரர். உட்காருவதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார்: "இந்தப் பக்கம் பல்லு போயே போச்சுங்க டாக்டர். பிடுங்கி விட்ருங்க." அந்த அக்காவின் கவலை வேறாக இருந்தது. "ஏனுங்க டாக்டர், பிடுங்கினா கண்ணுக்கு ஒண்ணும் ஆயிறாதுங்களா?"

கண்ணுக்கு ஒன்றும் ஆகாது. பல்லுக்கு வருகிற நரம்பும் பார்வைக்கான நரம்பும் வேறு வேறு. இதைத் தினமும் யாருக்காவது சொல்கிறேன், இனிமேலும் சொல்வேன். ஆனால் அவர் வீட்டுக்காரர் கேட்டதற்கு ஒரே வார்த்தையில் பதில் கிடையாது. அந்த வாயில் அடுத்த ஒரு மாதத்தில் இரண்டு கடைவாய்ப்பற்களுக்கு முடிவு எடுத்தோம். வீங்கிச் சீழ் வைத்த பல் இன்றும் வாயில் இருக்கிறது. வலியே இல்லாத பல் போய்விட்டது. ஏன் அப்படி என்பதைத்தான் எழுதுகிறேன். அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வலி வந்த கதை

பல்வலியில் பாதி நோயறிதல் கதை கேட்பதிலேயே முடிந்துவிடும். ஏப்ரல், மே வாக்கில் டீ குடித்தால் இடது கீழ்ப்பல் சுரீர் என்று இழுத்து, குடித்து முடித்தும் ஐந்து பத்து நிமிஷம் விடாமல் வலித்திருக்கிறது. அப்புறம் ராத்திரி படுத்தால் வலி. எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் நனைத்து வைத்திருக்கிறார். ஜூலையில் ஒரு நாள் வலி தானாகவே நின்றுபோனது. "சரியாப் போச்சுன்னு நினைச்சு விட்டுட்டனுங்க" என்றார்.

அந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். சூட்டுக்கு வலித்து, நேரம் கழித்தும் நிற்காமல் இழுத்தால், பல்லுக்குள் இருக்கும் கூழ் (எல்லாரும் நரம்பு என்று சொல்வது) திரும்பி வராத அளவுக்கு வீங்கிவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு வலி தானாக நின்றால் கூழ் செத்துவிட்டது. நோய் நிற்கவில்லை, வலியைச் சொல்ல உள்ளே ஆள் இல்லை. செத்த கூழில் கிருமிகள் பெருகி, வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்குகின்றன. இவருக்கு இரண்டு மாதம் சத்தமில்லாமல் அந்த வேலை நடந்திருக்கிறது.

சுகர் ஐந்து வருஷமாக இருக்கிறது. மாத்திரை நினைவு வந்தால் போடுவார். அன்று பார்த்ததில் 268. பிறகு வந்த மூன்று மாதச் சராசரிப் பரிசோதனையில் 9.1. முந்தைய இரண்டு நாளாக மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய மாத்திரை போட்டிருந்தார்.

வீக்கத்தோடு வருகிறவரிடம் பல்லைப் பார்க்கும் முன் வேறு சில விஷயங்களைப் பார்த்துவிடுவேன். வாய் எவ்வளவு திறக்கிறது? எச்சில் விழுங்க முடிகிறதா? நாக்குக்கு அடியில் வாயின் தரை மேலே தூக்கியிருக்கிறதா? குரல் மாறியிருக்கிறதா? காய்ச்சல், குளிர் நடுக்கம் உண்டா? கீழ்க்கடைவாய்ப் பல்லின் சீழ், தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் பரவினால் மூச்சுக்குழலை அடைத்து ஆளைக் கொன்றுவிடும். 1836-ல் இதை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் லூட்விக் பெயரில்தான் அந்த நிலை இன்றும் அழைக்கப்படுகிறது. அந்த அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் ரூட் கெனாலா பிடுங்குவதா என்ற பேச்சுக்கே இடமில்லை. பெரிய ஆஸ்பத்திரி, உடனே. இவருக்கு எதுவும் இல்லை. வீக்கம் ஓரிடத்தில் நின்றிருந்தது, வாய் நன்றாகத் திறந்தது, காய்ச்சல் இல்லை. யோசித்து முடிவெடுக்க அவகாசம் இருந்தது.

இடது பல்

கீழ் இடது முதல் கடைவாய்ப்பல், எங்கள் கணக்கில் 36. ஆறு வயதில் முளைக்கிற பல். பால்பல் எதுவும் விழாமல், பால்பற்களுக்குப் பின்னால் முளைப்பதால், இதுவும் பால்பல்தான், விழுந்து முளைக்கும் என்று பெற்றோர் நினைத்துவிடுவார்கள். வாயில் முதலில் வந்து அதிகம் உழைக்கிற பல், பல பேருக்கு முதலில் போகிற பல்லும் இதுதான்.

பின்பக்கம் பெரிய சொத்தை. குளிர்ச்சி வைத்துப் பார்த்தேன், உணர்ச்சி இல்லை. பக்கத்துப் பற்களில் இருந்தது. வாய் பார்க்கும் கண்ணாடியின் கைப்பிடியால் பல்லை மெல்லத் தட்டியதும் துள்ளிவிட்டார். ஈறில் சின்னக் கொப்புளம், அழுத்தினால் சீழ். பல் லேசாக ஆடியது. பல்லைச் சுற்றி ஈறின் ஆழம் (ஈறுக்கும் பல்லுக்கும் இடையே உள்ள பள்ளம்) எல்லா இடத்திலும் 3 மி.மீ.க்குள். இந்தக் கடைசி அளவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வலது பல்லுக்கு வரும்போது வேண்டும்.

எக்ஸ்ரேயில் இரண்டு வேர் நுனிகளையும் சுற்றிக் கருப்பு நிழல், அகலமான இடத்தில் 8 மி.மீ. இருக்கும். வீட்டுக்காரர் திரையைப் பார்த்ததுமே, "இத்தனை கருப்பா இருக்குதே, இதுக்கு மேல வெச்சு என்னங்க பண்றது?" என்றார். நியாயமான கேள்வி. கருப்பு என்றால் எலும்பு அங்கே இல்லை. பார்த்தால் யாருக்கும் பயம் வரும்.

ஆனால் அந்தக் கருப்பை வைத்து முடிவெடுக்கக் கூடாது. 1965-ல் ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளின் கடைவாய்ப் பற்களைத் துளைத்துக் கூழைத் திறந்து விட்டார்கள். சாதாரண எலிகளில் கூழ் செத்து, வேர் நுனியில் சீழ் கட்டியது. கிருமியே இல்லாத சூழலில் பிறந்து வளர்ந்த எலிகளில், திறந்த பல்லுக்குள் தீனி போய் அடைந்தும் கூழ் சாகவில்லை. திறந்த இடத்தைத் தானே மூட ஆரம்பித்தது. எங்கள் துறையில் இதைவிடத் தெளிவான பரிசோதனை எனக்குத் தெரிந்து இல்லை. வேர் நுனியில் தெரியும் கருப்பு, கிருமிகளை மேலே பரவவிடாமல் உடம்பு போட்ட வேலி. எலும்பு பின்வாங்கி, அந்த இடத்தில் பாதுகாப்புச் செல்கள் நிரம்பியிருக்கின்றன. ஊற்று பல்லுக்குள் இருக்கிறது. ஊற்றை அடைத்தால் எலும்பு திரும்பி வரும். வேர்சிகிச்சையும் (ரூட் கெனால்) ஊற்றை அடைக்கிறது, பல்லைப் பிடுங்குவதும் அடைக்கிறது. தொற்று பெரிது என்பதற்காகப் பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை.

அப்படியானால் எதை வைத்து முடிவெடுப்பது? நான் முதலில் பார்ப்பது மிச்சமிருக்கிற பல்லை. சொத்தையை முழுக்கச் சுரண்டி எடுத்த பிறகு, ஈறுக்கு மேலே சுற்றிலும் உயரம் எவ்வளவு நிற்கிறது என்று. உலக்கையின் முனையில் இரும்புப் பூண் போடுவார்கள், அடி விழும்போது மரம் பிளக்காமல் இருக்க. வேர்சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்லுக்குப் போடுகிற உறையும் (நம் ஊரில் கேப் என்பார்கள்) அப்படித்தான். பூண் இறுகப் பிடிக்க மரம் வேண்டுமே. உறையின் விளிம்பு நல்ல பல்லை ஒன்றரை முதல் இரண்டு மி.மீ. உயரத்துக்காவது கட்டிப் பிடிக்க வேண்டும். அது இல்லாமல், நிரப்பிய சிமெண்ட் மேல் உறையை உட்கார வைத்தால் சீக்கிரமே ஒன்று கழன்று வரும், இல்லையென்றால் வேரைப் பிளக்கும். வேர்சிகிச்சை எவ்வளவு அருமையாகச் செய்திருந்தாலும் சரி.

இவருக்கு மூன்று பக்கச் சுவரும் 3 மி.மீ.க்கு மேல். பின்பக்கச் சுவர் தாழ்ந்திருந்தது, ஆனால் ஈறுக்கு மேலேயே முடிந்தது. வேர்கள் பிரிகிற கவட்டைக்குச் சொத்தை இறங்கவில்லை. விரிசல் இல்லை. காப்பாற்றலாம்.

சொத்தை எலும்பு மட்டத்துக்குக் கீழே போயிருந்தாலோ, கவட்டையின் தரை ஓட்டையாகியிருந்தாலோ, பல் மேலும் கீழும் ஆடியிருந்தாலோ பிடுங்கத்தான் சொல்லியிருப்பேன். பாக்கு, பான்மசாலா போட்டு வாய் இரண்டு விரல்கூடத் திறக்காதவர்கள் எங்களிடம் நிறைய வருகிறார்கள். அவர்களுக்குக் கடைசிப் பற்களில் கருவியே நுழையாது.

எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு. எலும்பு தேய்மானத்துக்கும் எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கும் போடும் சில ஊசி மாத்திரைகள், பல் பிடுங்கிய இடத்துத் தாடை எலும்பை ஆறவிடாமல் சாக வைக்கலாம். அமெரிக்க வாய் அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் 2003-ல் முதலில் எச்சரித்தது இதைத்தான். வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கும் அதே ஆபத்து. அப்படிப்பட்டவர்களுக்கு உறை நிற்காத பல்லாக இருந்தாலும் வேர்சிகிச்சை செய்து, தலையை ஈறு மட்டத்துக்குச் சீவி, வேரை உள்ளேயே விட்டுவிடுவது நல்லது. அதனால் "எலும்புக்கு ஏதாவது ஊசி போட்டிருக்கீங்களா?" என்று எல்லாரிடமும் கேட்கிறேன். இவருக்கு அந்தச் சிக்கல் இல்லை.

வலது பல்

வலித்த பல்லோடு நிற்காமல் முழு வாயையும் பார்ப்பது வழக்கம். கீழ் வலது முதல் கடைவாய்ப்பல், 46. நானே வேர்சிகிச்சை செய்த பல். மேலே அடைப்பு மட்டும் இருந்தது, உறை இல்லை. "இதுல ஏதாவது தொந்தரவுங்களா?" என்றதற்கு, "வலியெல்லாம் இல்லீங்க. முறுக்கு கடிச்சா மட்டும் ஒரு மாதிரி இருக்குது" என்றார். அந்த "ஒரு மாதிரி" எனக்குப் பிடிக்கவில்லை.

ஈறின் ஆழத்தை அளந்தேன். சுற்றிலும் 3, 3, 2, 3. முன்பக்க வேரின் கன்னப்புறத்தில் ஒரே ஒரு இடத்தில் அளவுகோல் சரசரவென இறங்கி 9 மி.மீ.யில் நின்றது. இடம் மாற்றி இரண்டு தடவை அளந்தேன். ஈறு நோய் என்றால் பள்ளம் அகலமாக இருக்கும், பக்கத்திலும் பரவியிருக்கும். நூல் போன மாதிரி குறுகலாக ஒரே இடத்தில் ஆழம் என்றால் அந்தக் கோட்டில் வேர் பிளந்திருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். எக்ஸ்ரேயில் முன்பக்க வேரின் நுனியில் தொடங்கி வேரின் பக்கவாட்டிலேயே மேலே ஏறி வந்தது நிழல், கொக்கி போல. பழைய அடைப்பை எடுத்து நீலச் சாயம் தொட்டுக் கழுவிப் பார்த்தேன். முன்னும் பின்னுமாகப் பல்லின் தரை நெடுகக் கோடு.

முன்பக்க வேர் மட்டும் பிளந்திருந்தால் பல்லைப் பாதியாக அறுத்து அந்த வேரை மட்டும் எடுக்க முடியுமா என்று யோசித்திருப்பேன். கோடு தரையைத் தாண்டிப் பின்பக்கம் வரை போயிருந்தது. பிளந்த வேரை ஒட்ட வழி கிடையாது. விரிசலுக்குள் கிருமி குடியேறிவிடும், எலும்பு கரைந்துகொண்டே போகும். இந்தப் பல்லைப் பிடுங்க வேண்டியதுதான்.

கிளினிக் பதிவை எடுத்துப் பார்த்தேன். 2020 பிப்ரவரியில் வேர்சிகிச்சை முடித்திருக்கிறேன். "மார்ச் கடைசியில் உறைக்கு அளவு எடுக்க வரவும்" என்று என் கையெழுத்தில் இருக்கிறது. மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு. கிளினிக்கை மூடினேன், கம்பெனிகளும் மூடின, பாதி ஊர் சொந்த ஊருக்கு நடந்தது. திறந்த பிறகு இவர் வரவில்லை. வலி இல்லாததால் வரத் தோன்றவில்லை. நானும் கூப்பிடவில்லை. போன் நம்பர் அதே தாளில் இருந்தது. மூன்றரை வருஷம்.

கடைவாய்ப்பல் வேர்சிகிச்சைக்குப் பிறகு உடைவதற்கு, நரம்பு எடுத்ததால் பல் காய்ந்து விறகாகிவிட்டது என்று ஒரு காரணம் சொல்வார்கள். அது அத்தனை சரியில்லை. 1989-ல் வெளியான ஒரு ஆய்வில் முன்கடைவாய்ப் பற்களை வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். வேர்சிகிச்சைக்காகத் துளைத்ததில் மட்டும் பல்லின் விறைப்பு 5 சதவீதம்தான் குறைந்தது. முன்பக்க, பின்பக்க விளிம்புகள் இரண்டும் போன பல்லில் 63 சதவீதம் குறைந்தது. அதாவது பல்லைப் பலவீனமாக்குவது சொத்தை தின்று போன சுவர்கள். கடிக்கும்போது எஞ்சிய முகடுகள் வெளிப்புறமாக விரிகின்றன. ஒவ்வொரு சோற்று வேளையிலும் கொஞ்சம் கொஞ்சமாக. அதைத் தடுக்கத்தான் பூண்.

2004-ல் வெளியான இன்னொரு ஆய்வில் அமெரிக்கக் காப்பீட்டுப் பதிவுகளை வைத்து 14 லட்சத்துக்கும் மேற்பட்ட வேர்சிகிச்சைப் பற்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். எட்டு வருஷத்துக்குப் பிறகு 97 சதவீதப் பற்கள் வாயில் இருந்தன. பிடுங்கப்பட்டவற்றை ஆராய்ந்தபோது அவற்றில் 85 சதவீதத்துக்கு முழு உறை இல்லை. முதல் எண்ணை எல்லா மருத்துவர்களும் நோயாளிக்குச் சொல்கிறோம். இரண்டாவதை அதே அழுத்தத்தோடு சொல்கிறோமா? நான் 2020-ல் சொல்லவில்லை. "கேப் போட்டுக்கங்க" என்றேன். போடாவிட்டால் இந்தப் பல் போய்விடும் என்று சொல்லவில்லை.

பேசி முடித்தது

ஆக, அவர்கள் நினைத்து வந்ததற்கு நேர்மாறாக நான் சொல்ல வேண்டியிருந்தது. வீங்கிய பல்லை வைத்துக்கொள்ளலாம், சும்மா இருக்கிற பல்லை எடுக்க வேண்டும். வலதுபக்கம் என் வேலையும் சேர்ந்துதான் தோற்றது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இதுவும் நாலு வருஷத்துல போயிருமுங்களா?" என்று இடது கன்னத்தைத் தொட்டுக் கேட்டார். அன்று என்னிடம் கேட்கப்பட்டதில் முக்கியமான கேள்வி அதுதான். உறையோடு முடித்தால் நீண்ட காலம் நிற்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, உறை இல்லாமல் விட்டால் இதற்கும் அதே கதி வரலாம் என்றேன். இந்தத் தடவை சுற்றி வளைக்கவில்லை.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசினோம். அப்போது எங்கள் கிளினிக்கில் கடைவாய்ப்பல் வேர்சிகிச்சை 4,500 ரூபாய், உறைக்கு அடியில் பல்லை நிரப்பிக் கட்டும் உள்கட்டுமானம் 1,000, உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய உறை 4,000. மொத்தம் 9,500. பிடுங்க 800. இதோடு நிறுத்தினால் பிடுங்குவதுதான் மலிவு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கீழ் முதல் கடைவாய்ப்பல் போன இடம் அப்படியே இருக்காது. பின்பல் முன்னால் சாயும், மேல்பல் எதிரில் தடுக்க ஆளில்லாமல் இறங்கி வரும், பிடுங்கிய இடத்து எலும்பு வற்றும். அந்த இடத்தை நிரப்ப மூன்று பல் பாலம் கட்டினால் 12,000. அதற்கு இரண்டு பக்கமும் நல்ல பற்களைச் சீவ வேண்டும். இம்பிளாண்ட் (எலும்பில் திருகு பதித்து அதன் மேல் கட்டும் பல்) என்றால் 28,000. ஏற்கெனவே வலதுபக்கம் போகப் போகிறது. இடதும் போனால் எந்தப் பக்கம் மென்று தின்பது?

இந்த ஒரு விஷயம்தான் வீட்டுக்காரரை அசைத்தது. பட்டியலும் எண்களும் அவரை அசைக்கவில்லை.

அடுத்த நாள் அவர்களுடைய தங்கை மகன் ஒரு வாட்ஸப் வீடியோவை அனுப்பியிருந்தான், ரூட் கெனால் செய்தால் புற்றுநோய் வரும் என்று. அந்தப் பயத்துக்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பூர்வீகம் உண்டு. 1910-ல் வில்லியம் ஹன்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் மான்ட்ரியலில் பேசிய பேச்சிலிருந்து, உடம்பின் பாதி நோய்களுக்கு வாயில் ஒளிந்திருக்கும் தொற்றுதான் மூலம் என்ற கொள்கை பரவியது. பின்னால் வெஸ்டன் பிரைஸ் என்ற பல் மருத்துவர் முயல்களில் செய்த சோதனைகளால் அது இன்னும் வலுத்தது. கட்டுப்பாடான சோதனைகள் அதைத் தாங்கவில்லை. அதற்குள் எண்ணிக்கையில்லாத நல்ல பற்களைப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். வீடியோவில் இருந்தது அதே பழைய சரக்கு. வேர்சிகிச்சை புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று சொன்னேன், நம்பினார்கள்.

செய்த விதம்

முதல் நாளே பல்லை மரக்க வைத்து மேலிருந்து திறந்தேன். சீழும் ரத்தமும் பொங்கி வந்தன. பத்து நிமிஷத்தில் முகம் தெளிந்தது. மருந்துக்கடை மாத்திரை இரண்டு நாளில் செய்யாததை அந்தத் துளை செய்தது. காரணம் எளிது. செத்த கூழுக்கு ரத்த ஓட்டம் இல்லை, விழுங்கின ஆன்டிபயாடிக் அங்கே போய்ச் சேர வழியில்லை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-ல் தந்த வழிகாட்டுதலும், பல்லுக்கே உடனடியாகச் சிகிச்சை செய்ய முடிகிற ஆரோக்கியமான பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் வேண்டாம் என்கிறது. இவருக்கு வீக்கமும் கட்டுப்படாத சுகரும் சேர்ந்திருந்ததால் அமாக்ஸிசிலின் 500 மி.கி. மூன்று வேளை கொடுத்து, மூன்றாம் நாள் பார்த்து நிறுத்தினேன். சர்க்கரைக்குப் பொது மருத்துவரிடம் அனுப்பினேன். அது பல்லைவிட அவசரம்.

இரண்டாவது வருகையில் ரப்பர் டேம் (பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் ரப்பர் தாள்) மாட்டி வேர்க்கால்வாய்களைத் தேடினேன். இந்தப் பல்லில் வழக்கமாக மூன்று கிடைக்கும். முன்பக்க வேரில் இரண்டு, பின்பக்க வேரில் ஒன்று. இவருக்குப் பின்பக்க வேரின் வாய் நடுவில் இல்லாமல் ஓரம் தள்ளி இருந்தது. ஓரத்தில் ஒன்று இருந்தால் மறு ஓரத்தில் இன்னொன்று இருக்கும். இருந்தது. அந்த நாலாவதை விட்டிருந்தால் மேலே என்ன உறை போட்டும் பயனில்லை. துணி வெளுக்கப் பயன்படும் அதே சோடியம் ஹைப்போகுளோரைட்டை 3 சதவீதக் கரைசலாக வைத்துக் கழுவி, கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து வைத்து இரண்டு வாரம் மூடினேன். திரும்பி வந்தபோது ஈறுக் கொப்புளம் இருந்த இடம் தெரியவில்லை. கால்வாய்களை அடைத்து முடித்தேன்.

அப்புறம் வந்தது அதே இடம். "கேப் தீவாளி போனஸ் வந்ததும் போட்டுக்கறனுங்க. இப்ப ஒன்றரை ஷிப்டு பார்த்தும் கையில நிக்கல." தீபாவளி நவம்பர் 12. இன்னும் ஐந்து வாரம். பணம் இப்போதே கொண்டு வாருங்கள் என்று நெருக்க எனக்கு உரிமை இல்லை. சும்மா அடைத்து அனுப்பவும் மனம் வரவில்லை. பல்லின் முகடுகளை 2 மி.மீ. சீவித் தாழ்த்தி, பல் நிறச் சிமெண்டால் முகடுகளையும் சேர்த்து மூடிக் கட்டினேன். தாற்காலிகப் பூண். 2020-ல் இந்த அரை மணி நேர வேலையைச் செய்திருந்தால் வலது பல் ஒருவேளை தப்பியிருக்கும். நவம்பர் கடைசி வாரம் உறை போட்டோம்.

வலது பல்லை அக்டோபர் தொடக்கத்தில் எடுத்தேன், சர்க்கரை வெறும் வயிற்றில் 140-க்கு இறங்கிய பிறகு. அவசரச் சீழ் இல்லாததால் மூன்று வாரம் காத்திருக்க முடிந்தது. இரண்டு வேர்களையும் பிரித்துத் தனித்தனியாக எடுத்தேன், சுற்றியுள்ள எலும்பு நொறுங்காமல் இருக்க. முன்பக்க வேர் கையில் வந்தபோது இரண்டு சிம்பாகப் பிரிந்தது, நடுவில் நான் 2020-ல் வைத்த அடைப்பு இளஞ்சிவப்பாக அப்படியே இருந்தது. எக்ஸ்ரேயில் பார்த்தால் குறை சொல்ல முடியாத அடைப்பு. வீட்டுக்காரரை உள்ளே கூப்பிட்டு டிரேயில் வைத்துக் காட்டினேன். புண் பத்து நாளில் ஆறியது.

ஒரு வருஷம் கழித்து

2024 மார்ச்சில் எடுத்த எக்ஸ்ரேயில் இடது பல்லின் நிழல் பாதியாகச் சுருங்கியிருந்தது. நவம்பரில் முன்பக்க வேர் நுனியில் மெல்லிய கோடு மட்டும். பல் ஆடவில்லை, தட்டினால் வலி இல்லை. இப்படிப்பட்ட நிழல் முழுக்க மறைய நாலு வருஷம்கூட ஆகலாம் என்பதால் வருஷம் ஒருமுறை பார்ப்பதாக எழுதி வைத்திருக்கிறேன்.

வலதுபக்கம் இடம் காலியாகவே இருக்கிறது. எதிரில் உள்ள மேல்பல் ஒரு மி.மீ. அளவுக்கு இறங்கியிருந்தது. பாலம் வேண்டாம், நல்ல பல்லைச் சீவ மனசு வரவில்லை என்றார். கம்பெனியில் சீட்டுப் போட்டிருக்கிறாராம், எடுத்ததும் இம்பிளாண்டுக்கு வருவதாகச் சொன்னார். அதுவரை மேல்பல் இன்னும் இறங்காமல் இருக்க ஒரு பல் செட் செய்து கொடுத்தேன். ராத்திரி கழற்றி வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

என் மேஜையில் இப்போது தனியாக ஒரு நோட்டு இருக்கிறது. வேர்சிகிச்சை முடிந்து உறை போடாமல் போனவர்களின் பெயர், பல், போன் நம்பர். இந்த ஊரில் சம்பளம் சனிக்கிழமை. அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறேன். சிலர் எடுப்பதில்லை. அவர்களை அடுத்த சனிக்கிழமை மறுபடியும் கூப்பிடுகிறேன்.